வைரஸ் நோய்க்குப் பின்னால் வரும் ஆழமான பூஞ்சைத் தொற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 கோடையில் 'கருப்புப் பூஞ்சை' என்ற சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பாதி உண்மையும் பாதி வதந்தியும் கூடவே போயின. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரும், அவரை முதலில் பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. இதில் வரும் மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு.

படர்தாமரையும் பூஞ்சைதானே? இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

படர்தாமரை தோலின் மேல்பரப்பைத் தாண்டாது. அரிக்கும், பரவும், உயிரை எடுக்காது. ஆழமான தொற்றில் பூஞ்சையின் இழைகள் திசுவுக்குள் புகுந்து வளர்கின்றன. மியூகோரேல்ஸ் வகைப் பூஞ்சைகள் (இந்தியாவில் பெரும்பாலும் ரைசோபஸ்) இரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குழாய்க்கு அப்பால் உள்ள சதைக்கு இரத்தம் போகாது. அது செத்துக் கருக்கிறது. 'கருப்பு' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பூஞ்சையின் நிறம் கருப்பு அல்ல. ஆய்வகத்தட்டில் அது முதலில் வெள்ளைப் பஞ்சு போலத்தான் வளரும். ஆகவே கருப்பு, வெள்ளை, மஞ்சள் என்று நிறம் சொல்லி ஆபத்தை எடைபோடுவதில் பொருள் இல்லை. எந்தப் பூஞ்சை, உடலில் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு.

வைரஸ் வந்த உடம்பைப் பூஞ்சை ஏன் பிடிக்கிறது?

பூஞ்சையின் வித்துகள் எப்போதும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. மண், அழுகும் காய்கறி, பூசணம் பிடித்த ரொட்டி, மாட்டுச்சாணம், கட்டடத் தூசி என்று எங்கும் உண்டு. தினமும் சுவாசிக்கிறோம். மூச்சுக்குழாயின் மயிரிழைகள் சளியோடு அவற்றை வெளியே தள்ளிவிடும். தப்பி உள்ளே போனவற்றை நுரையீரலின் விழுங்கு செல்களும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் முடித்துவிடும்.

இன்ஃப்ளூயன்சாவும் கொரோனாவும் முதலில் அந்த மயிரிழை அடுக்கையே உரித்துவிடுகின்றன. வித்து ஒட்டிக்கொள்ள வெறுந்தரை கிடைக்கிறது. வெள்ளணுக்களின் வேலையும் வைரஸால் குழம்புகிறது. அதன் மேல் வீக்கத்தைக் குறைக்க நாம் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். அது மிச்சமிருக்கும் காவலையும் தளர்த்தி, இரத்தச் சர்க்கரையையும் ஏற்றுகிறது. கதவை உடைப்பது வைரஸ். காவலாளியைத் தூங்க வைப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கும் மருந்து. இந்த இரண்டாவது பகுதியை மாற்ற முடியும் என்பதால்தான் இந்தப் பக்கம் முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

எந்த வைரஸுக்குப் பின் எந்தப் பூஞ்சை வரும்?

கடுமையான இன்ஃப்ளூயன்சாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களுக்கு அஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சை. கொரோனாவில் மூன்று வகை பார்த்தோம்: மூக்கு, சைனஸ், கண் வழியாக மியூகோர்மைகோசிஸ் (மியூகோரேல்ஸ் தொற்று, அதாவது 'கருப்புப் பூஞ்சை'), வென்டிலேட்டரில் இருந்தவர்களின் நுரையீரலில் அஸ்பெர்ஜில்லஸ், நரம்பு ஊசிக் குழாய் வழியாக இரத்தத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை. எச்.ஐ.வி.யின் கதை வேறு. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

2021-இல் இந்தியாவில் மட்டும் ஏன் அவ்வளவு பேருக்கு வந்தது?

முதலில் எண்கள். 2021 ஜூன் 28 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சர் தந்த கணக்கின்படி நாடு முழுவதும் 40,845 பேர் கருப்புப் பூஞ்சையால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 3,129 பேர் இறந்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 85.5 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்திருந்தது, 64.11 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, 52.69 சதவீதம் பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். முதியவர்களின் நோய் என்று பலர் நினைத்தார்கள். அந்தக் கணக்கில் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்களே 13,083 பேர். தமிழ்நாடு அதே ஆண்டு மே மாதம் இதைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

கொரோனாவுக்கு முன்பே மியூகோர்மைகோசிஸ் உலகின் பிற நாடுகளைவிட இந்தியாவில் பல மடங்கு அதிகம். மேலை நாடுகளில் அது இரத்தப் புற்றுநோய்க்கும் உறுப்பு மாற்றத்துக்கும் பின் வரும் நோய். நம் நாட்டில் அது கட்டுப்படாத சர்க்கரையின் நோய். பலருக்குத் தமக்குச் சர்க்கரை இருப்பதே பூஞ்சை வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த மண்ணில் இரண்டாம் அலை விழுந்தது. படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே இருந்தவர்கள், வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்துக் காய்ச்சலின் முதல் நாளிலேயே ஸ்டீராய்டு மாத்திரை போட்டார்கள். சர்க்கரையைப் பார்த்தவர்கள் குறைவு.

2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இந்தியாவின் 16 மையங்களில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 287 மியூகோர்மைகோசிஸ் நோயாளிகளில் 187 பேருக்கு அது கொரோனாவோடு வந்தது. ஆக்சிஜன் குறைந்த நிலையும், தேவையில்லாமல் அல்லது தேவைக்கு மேல் கொடுத்த ஸ்டீராய்டும் காரணிகளாகத் தனித்துத் தெரிந்தன. 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் 45.7 சதவீதம். இவர்கள் எல்லோரும் இரண்டாம் அலைக்கு முன்பே வந்த நோயாளிகள்.

சர்க்கரைக்கும் இந்தப் பூஞ்சைக்கும் அப்படி என்ன உறவு?

சர்க்கரை அதிகமானால் வெள்ளணுக்கள் மந்தமாகும் என்பது பொதுவான பதில். மியூகோரேல்ஸுக்கு அதைவிட நெருக்கமான காரணம் இரும்புச்சத்து.

இந்தப் பூஞ்சை வளர இரும்பு வேண்டும். நம் இரத்தத்தில் இரும்பு தனியாக அலைவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும். சர்க்கரை கட்டுமீறிக் கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாகும்போது அந்தப் பிடி தளர்ந்து இரும்பு விடுபடுகிறது. ரைசோபஸுக்கு அதுவே விருந்து. அமிலச் சூழலும் கீட்டோனும் அதற்கு ஒவ்வாதவை அல்ல. கீட்டோனை உடைக்கும் நொதி அதனிடமே உண்டு. கூடவே, உயர்ந்த சர்க்கரையும் இரும்பும் இரத்தக் குழாயின் உட்சுவரில் ஜி.ஆர்.பி.78 என்ற ஏற்பியை அதிகமாக்குகின்றன. பூஞ்சை தன் மேலுறைப் புரதத்தால் அதைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. ஒரே நேரத்தில் உணவும் கதவும் கிடைத்துவிடுகின்றன.

இதனால்தான் பூஞ்சை உறுதியான நோயாளிக்கு முதல் மணி நேரத்தில் சர்க்கரை, கீட்டோன், இரத்த அமிலத்தன்மை மூன்றையும் பார்க்கச் சொல்கிறோம். அமிலநிலையைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் ஏற்றினால், ஒரு கையால் தீயை அணைத்துக்கொண்டு மறு கையால் விறகு போடுவது போலாகும்.

எனக்குச் சர்க்கரை நோயே இல்லை. நான் கவலைப்பட வேண்டுமா?

ஸ்டீராய்டு எடுத்தால், ஆம். முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் ஸ்டீராய்டு அதைக் கொண்டுவரும். கொரோனா தானாகவே ஏற்றவும் செய்யும். மேலே சொன்ன ஆய்வில் கொரோனாவோடு பூஞ்சை வந்தவர்களில் 32.6 சதவீதம் பேருக்குக் கொரோனாவைத் தவிர வேறு அடிப்படை நோய் இல்லை. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், வெள்ளணு குறைந்தவர்கள், மூட்டுவாத நோய்களுக்காக நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் சர்க்கரை சரியாக இருந்தாலும் ஆபத்து வட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு தொடங்கும் நாளிலேயே ஒரு ஹெச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) பார்த்துவிடுங்கள். 6.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் முன்பே ஒளிந்திருந்தது என்று அர்த்தம்.

கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எவ்வளவு, எத்தனை நாள்?

இங்கிலாந்தில் 2020-இல் நடந்த 'ரெகவரி' ஆய்வுதான் அடிப்படை: டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., நாளுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 10 நாள். அதற்கு முன்பே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் அன்றே நிறுத்தம். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4-இலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு 26.2-இலிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு? மருந்து எடுக்காதவர்களில் 14.0, எடுத்தவர்களில் 17.8. பயன் ஏதும் தெரியவில்லை. எண் சாய்ந்தது கெடுதலின் பக்கம்.

அந்தக் கடைசி வரியைத்தான் நாடு படிக்கத் தவறியது.

6 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்பது சுமார் 40 மி.கி. பிரெட்னிசோலோனுக்கும் 32 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோனுக்கும் சமம். சீட்டில் 'மெத்தில்பிரெட் 40 மி.கி., காலை மாலை' என்று இருந்தால் அது 15 மி.கி. டெக்ஸாமெத்தசோன், அதாவது ஆய்வில் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கு. தவறு அதிகம் நடப்பது இந்த மாற்றுக் கணக்கில்தான். இன்னொரு தவறு, ஊசியாக ஒரு ஸ்டீராய்டு, மாத்திரையாக இன்னொன்று என்று இரண்டும் ஒன்றாக ஓடுவது. மருத்துவமனை மாறும்போது பழைய சீட்டையும் புதிய சீட்டையும் அருகருகே வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்து நாளுக்குள் முடிந்தால் பொதுவாகப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் போனவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது. வேறு நோய்க்காக ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பூஞ்சைக்குப் பயந்து தாங்களாகவே விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து.

ஸ்டீராய்டு எடுக்கும்போது வீட்டில் சுகர் எப்படிப் பார்ப்பது?

காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து, '110 தான், நல்லாத்தான் இருக்கு' என்று நிம்மதி அடைவதே மிகப் பொதுவான பிழை. காலையில் போட்ட ஸ்டீராய்டு மதியத்துக்குப் பிறகுதான் சர்க்கரையை ஏற்றும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்கு முன்னும்தான் உச்சம். காலை 110 இருப்பவருக்கு மாலை 320 இருக்கலாம். டெக்ஸாமெத்தசோன் ஒன்றரை நாள்வரை வேலை செய்வதால், சிலருக்கு மறுநாள் காலையும் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே நாளுக்கு நான்கு முறை: காலை வெறும் வயிற்றில், மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, இரவு உணவுக்கு முன், படுக்கப் போகும்போது. முடியாவிட்டால் மதிய உணவுக்குப் பின் பார்ப்பதை மட்டுமாவது விடாதீர்கள். ஒரு தாளில் நேரத்தோடு குறித்து வையுங்கள். 180-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவமனையில் இருப்பவருக்கு 140 முதல் 180 வரை வைத்திருப்பதே இலக்கு. 250-ஐத் தாண்டி வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருந்தால் கீட்டோன் பார்க்காமல் காத்திருக்கக் கூடாது. அது மருத்துவமனைக்குப் போகும் நேரம்.

குளுக்கோமீட்டர் தவறாகக் காட்டுவதும் உண்டு. பழம் உரித்த விரலில் குத்தினால் எண் ஏறிவிடும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்பிரிட் காயும் முன் குத்தக் கூடாது. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். காலாவதியான ஸ்டிரிப்பும் மூடி திறந்து கிடந்த டப்பாவும் நம்பத்தக்கவை அல்ல.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் கடும் காய்ச்சலிலும் சாப்பிட முடியாத நாட்களிலும் அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள். சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் சேர இவை இடம் கொடுக்கும். மேலே சொன்ன இரும்புக் கணக்கை நினைத்தால், அது எவ்வளவு மோசமான மறைவு என்று புரியும்.

ஆவி பிடித்தல், அழுக்கு முகக்கவசம், துத்தநாக மாத்திரை, தொழிற்சாலை ஆக்சிஜன்: இவையும் காரணமா?

நான்கையும் சந்தேகித்தார்கள், நான்குமே உறுதியாக நிறுவப்படவில்லை. நான்கிலும் செய்யத்தக்கது மட்டும்: ஆக்சிஜனோடு இணைக்கும் ஈரப்பதப் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கிருமி நீக்கிய நீர் மட்டும், நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக. முகக்கவசம் தினமும் மாற்றம். துத்தநாகம் மருத்துவர் சொன்னால் மட்டும். கொதிக்கும் ஆவி மூக்கின் உட்தோலைச் சுடும் அளவுக்கு வேண்டாம். இவற்றை எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுச் சர்க்கரையை விட்டுவிட்டால் எந்தப் பயனும் இல்லை.

நோயிலிருந்து தேறிவரும் சில வாரங்களில் தோட்ட மண் கிளறுவது, பழைய வீடு இடிப்பது, எருக்குழி வேலை போன்றவற்றை வேறு யாராவது செய்யட்டும்.

எந்த அறிகுறி தெரிந்தால் அன்றே போக வேண்டும்?

கொரோனா வந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் பலருக்குத் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டு, வீட்டுக்கு வந்து, 'தப்பிச்சோம்' என்று மூச்சு விடும் நேரம் அது. ஆறு வாரம் வரை விழிப்பாக இருங்கள்.

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைப்பது. மூக்கிலிருந்து இரத்தம் கலந்த அல்லது கருத்த நீர். கன்ன எலும்பில் ஒரு பக்கம் வலி, மரத்துப்போதல், வீக்கம். திடீரென ஆடும் மேல்பல். கண்ணைச் சுற்றி வீக்கம், இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, பார்வை மங்குதல். அண்ணத்தில் கருத்த திட்டு. 'ஒரு பக்கம் மட்டும்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சளி இரண்டு பக்கமும் அடைக்கும். இது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும்.

கருப்பு தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. கருப்பு என்றால் அந்தச் சதை ஏற்கெனவே செத்துவிட்டது. அதற்கு முன்பே வரும் கன்ன மரமரப்புதான் நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. தினமும் ஒரு முறை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து அண்ணத்தைப் பாருங்கள். இரண்டு கன்னத்தையும் விரலால் தொட்டு உணர்ச்சி ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மேல்பல் ஆடுகிறது. பல் மருத்துவரிடம் போய்ப் பிடுங்கிவிடலாமா?

போகலாம். ஆனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, 'கொரோனா வந்து இத்தனை நாள் ஆயிற்று, ஸ்டீராய்டு எடுத்தேன், சர்க்கரை இவ்வளவு' என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துப் பற்களும் சேர்ந்து ஆடினால், ஈறில் சீழ்க் கொப்புளங்கள் வரிசையாக இருந்தால், அது பல்லின் கோளாறாக இல்லாமல் மேல்தாடை எலும்பின் கோளாறாக இருக்கலாம். முதலில் ஸ்கேன், பிறகுதான் குறடு.

என்ன பரிசோதனை செய்வார்கள்? எங்கே தவறு நடக்கிறது?

காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பியால் மூக்குக்குள் பார்ப்பார். வெளுத்த, உணர்ச்சியற்ற, தொட்டால் இரத்தம் வராத திசுதான் முதல் தடயம். அங்கிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சில மணி நேரத்திலேயே பதில் வரும். மியூகோரேல்ஸ் இழை நாடா போல் அகலமாக, தடுப்புச் சுவர் மிகக் குறைவாக, ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைக்கும். அஸ்பெர்ஜில்லஸ் இழை மெலிந்து, தடுப்புகளோடு, 45 பாகைக் கோணத்தில் கிளைக்கும். இந்த வேறுபாடு மருந்தையே மாற்றிவிடும்.

பஞ்சுக்குச்சியால் மூக்கைத் துடைத்து அனுப்புவது போதாது. அதில் பூஞ்சை வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. வந்தாலும் வெறும் வித்தாக இருக்கலாம். திசு வேண்டும், இரண்டு குப்பிகளில் வேண்டும்: ஒன்று ஃபார்மலினில், திசுப் பரிசோதனைக்கு, இன்னொன்று கிருமி நீக்கிய சலைனில், வளர்ப்புச் சோதனைக்கு. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், வளராது. ஆய்வகத்தில் துணுக்கை அரைத்துக் கூழாக்கினாலும் அப்படித்தான். தடுப்புச் சுவர் இல்லாத இழை ஓரிடத்தில் உடைந்தால் நெடுக வீணாகும். சிறு துண்டுகளாக நறுக்கி வளர்க்க வேண்டும்.

பூஞ்சையின் சுவர்ப் பொருளை இரத்தத்தில் தேடும் கேலக்டோமேனன், பீட்டா-டி-குளுக்கன் சோதனைகள் மியூகோரேல்ஸைக் காட்டாது. அவை 'இல்லை' என்று வந்ததை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கான்ட்ராஸ்ட் போட்ட எம்.ஆர்.ஐ. சொல்லும். எலும்பு அரிப்பைச் சி.டி. நன்றாகக் காட்டும். ஆரம்பத்தில் சி.டி.யில் வெறும் சைனஸ் தடிப்பு மட்டும் தெரியலாம். ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவில்லை என்பதற்காக மருந்தைத் தொடங்காமல் இருப்பதும் தவறு.

சிகிச்சை எப்படி இருக்கும்? ஏன் இவ்வளவு செலவு?

மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: செத்த சதையை வெட்டி எடுப்பது, ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் அறுவை சிகிச்சை இல்லாமல் மருந்து மட்டும் பெரும்பாலும் தோற்கிறது. ஒரே முறையில் முடியாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரலாம். எல்லோருக்கும் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. பார்வை போய், கண்குழியில் பரவி, மூளைக்குப் போகும் வழியில் இருக்கும்போதுதான் அந்த முடிவு.

லைப்போசோமல் (கொழுப்பு உறையில் பொதிந்த) ஆம்போடெரிசின் அளவு நாளுக்கு, கிலோ எடைக்கு 5 மி.கி.; மூளைக்குப் பரவியிருந்தால் 10 மி.கி. வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மி.கி. குப்பி ஒன்றில் இருப்பது 50 மி.கி. என்பதால் நாளுக்கு ஆறு குப்பி. மூன்று முதல் ஆறு வாரம் ஓடினால் 126 முதல் 252 குப்பி. 2021-இல் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததன் கணக்கு இதுதான்.

பெரும்பாலான தயாரிப்புகளை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும். சலைனோடு சேர்ந்தால் மருந்து திரிந்துவிடும். ஊசிக் குழாயையும் முன்னும் பின்னும் டெக்ஸ்ட்ரோஸால் அலச வேண்டும். இந்தியாவில் சலைனில் வரும் தயாரிப்பும் உண்டு. ஆகவே குப்பியோடு வரும் தாளைப் படிக்காமல் கலக்காதீர்கள். 300 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் 15 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. மருந்து ஏறும் நேரத்தில் சர்க்கரை ஏன் எகிறுகிறது என்று குழம்ப வேண்டாம். இன்சுலினில் அதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் இழக்க வைக்கும். கிரியேட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் முதலில் தினமும், நிலைத்த பிறகு வாரம் இரண்டு மூன்று முறையும் பார்க்க வேண்டும். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லையென்றால் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாகாமல் இது நிற்காது. மலிவான பழைய வகை ஆம்போடெரிசின், கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., வேறு வழியில்லாதபோது உயிர் காக்கும். சிறுநீரகப் பாதிப்பும் குளிர் நடுக்கமும் அதில் அதிகம்.

தேறியவுடன் மாத்திரைக்கு மாறலாம். போசகோனசோல் முதல் நாள் 300 மி.கி. இரண்டு வேளை, பிறகு நாளுக்கு 300 மி.கி. ஒரு வேளை. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஐசவுகோனசோல் முதல் இரண்டு நாள் 200 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பிறகு நாளுக்கு 200 மி.கி. ஒரு வேளை. மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரை, இதய மாத்திரை எடுப்பவர்கள் அந்தப் பட்டியலையும் காட்டியே தொடங்க வேண்டும்.

முன்னெச்சரிக்கையாகப் பூஞ்சை மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டால் என்ன?

வேண்டாம். கடையில் எளிதில் கிடைக்கும் ஃப்ளூகோனசோல் மியூகோரேல்ஸைத் தொடவே தொடாது. வோரிகோனசோலும் அப்படித்தான். அஸ்பெர்ஜில்லஸை அடக்கி மியூகோரேல்ஸுக்கு இடம் விடுவதும் உண்டு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு என்ன ஆபத்து?

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஏழு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2009 முதல் 2016 வரை இன்ஃப்ளூயன்சாவோடு சேர்ந்த 432 பேரைப் பார்த்தார்கள். 83 பேருக்கு, அதாவது 19 சதவீதத்துக்கு, ஆழமான அஸ்பெர்ஜில்லஸ் இருந்தது. எதிர்ப்பாற்றல் குன்றாதவர்களிலும் 14 சதவீதம். 90 நாளுக்குள் இறந்தவர்கள் பூஞ்சை இருந்தோரில் 51, இல்லாதோரில் 28 சதவீதம். பாதிப் பேருக்குச் சேர்ந்த மூன்று நாளுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. எனவே, இன்ஃப்ளூயன்சாவோடு வென்டிலேட்டரில் இருப்பவர் சரியான ஆன்டிபயாட்டிக்கிலும் தேறவில்லையென்றால், மூச்சுக்குழாய் கழுவிய நீரில் கேலக்டோமேனன் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கேள்வி. இங்கே அந்தச் சோதனை உதவும். மருந்தும் வோரிகோனசோல் அல்லது ஐசவுகோனசோல்.

கேண்டிடாவின் வழி வேறு. கழுத்து நரம்புக் குழாய், நாள்கணக்கில் ஓடும் பல ஆன்டிபயாட்டிக்குகள், நரம்பு வழி ஊட்டம், வயிற்று அறுவை, டயாலிசிஸ். குழாய் எத்தனை நாளாக இருக்கிறது, இன்னும் தேவைதானா என்று தினமும் கேளுங்கள். இரத்தத்தில் கேண்டிடா வந்தால் முடிந்தவரை குழாயை எடுத்துவிட வேண்டும், கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். மருந்து 14 நாள் என்பது தொடங்கிய நாளிலிருந்து அல்ல. இரத்த வளர்ப்பு சுத்தமாக வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கேண்டிடா ஆரிஸ் என்ற வகை ஃப்ளூகோனசோலுக்குப் பெரும்பாலும் மசியாது. கட்டில் கம்பியிலும் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையிலும் வாரக்கணக்கில் ஒட்டியிருந்து ஆளுக்கு ஆள் பரவும்.

அப்படியானால் கருப்புப் பூஞ்சையும் ஒட்டிக்கொள்ளுமா?

இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், கட்டு மாற்றலாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு மியூகோர்மைகோசிஸ் தொற்றாது. முகம் பாதி வீங்கி, கண் போய் வந்தவரைத் தனி அறையில் ஒதுக்கி வைத்த வீடுகள் இருந்தன. அதற்கு எந்த மருத்துவக் காரணமும் இல்லை.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு எந்தப் பூஞ்சை?

இங்கே கணக்கு சி.டி.4 என்ற எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்களின் எண்ணிக்கையில். 200-க்குக் கீழ் போனால் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா. கோட்ரைமாக்சசோல் மாத்திரை அதைத் தடுக்கும். 100-க்குக் கீழ் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல். நாள்பட்டுக் கூடிக்கொண்டே போகும் தலைவலிதான் அதன் முகம். கழுத்து விறைப்பு இல்லாமலும் வரும். தலைவலி வருமுன்பே இரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்த்துப் பிடிக்க முடியும். மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் வாழ்ந்தவர் என்றால் டாலரோமைசிஸ் என்ற பூஞ்சையையும் நினைக்க வேண்டும். முகத்தில் நடுவே குழிந்த பருக்கள் வரும்.

கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்த முறை: லைப்போசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு முறை, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் 1200 மி.கி. எச்.ஐ.வி. மருந்தை இந்த நோயில் நான்கு முதல் ஆறு வாரம் தள்ளித் தொடங்க வேண்டும். உடனே தொடங்கினால், திரும்பி எழும் எதிர்ப்பாற்றல் மூளையில் வீக்கத்தைக் கூட்டி உயிரைப் பறிக்கும். முதுகுத் தண்டுநீரின் அழுத்தத்தை அளந்து, கூடுதலாக இருந்தால் தினமும்கூட எடுத்துக் குறைக்க வேண்டும். மருந்துக்கு இணையான சிகிச்சை இது, பல இடங்களில் விட்டுப்போவதும் இதுவே.

குணமாகி வீட்டுக்கு வந்தபின் என்ன கவனிக்க வேண்டும்?

மாத்திரையை நாள் தவறாமல் எடுங்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் தொடரட்டும். அறுவைக்குப் பின் எம்.ஆர்.ஐ.யில் வீக்கம் சில வாரம் தெரிவது இயல்பு. முந்தைய படத்தோடு ஒப்பிட்டே சொல்ல முடியும் என்பதால் பழைய படங்களை எறியாதீர்கள். மூக்கைக் கழுவக் கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக் கரைசல். அண்ணம் எடுக்கப்பட்டவருக்கு அதை அடைக்கும் செயற்கைத் தகடு பொருத்தினால் பேச்சும் விழுங்குவதும் திரும்பும். பல் மருத்துவக் கல்லூரிகளில் செய்து தருகிறார்கள். புண் ஆறிய பின் தாடை உருமாறும், அதனால் முதலில் ஒரு தற்காலிகத் தகடு, சில மாதம் கழித்து நிரந்தரமானது.

குளுக்கோமீட்டரை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அடுத்த காய்ச்சலுக்கு யாராவது 'ஒரு டெக்ஸா ஊசி போட்டா சரியாயிடும்' என்றால், இந்த நோய் வந்திருந்ததைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு நகல் கைப்பையிலேயே இருக்கட்டும்.